பெட்டி கட்டுமுன் முடிக்க வேண்டியவை



வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவருக்குப் புத்தி சொல்ல ஊரே கூடிவிடுகிறது. தொழுகையை விட்டுவிடாதே, கஃபீலோடு வாய் காட்டாதே, மாதம் தவறாமல் பணம் அனுப்பு என்று ஆளுக்கொரு சொல் சொல்லித்தான் வழியனுப்புகிறோம். பத்து வருடம் கழித்து அதே மனிதர், "இன்னும் ஆறு மாதம்தான், பிறகு ஊரோடு வந்து விடுகிறேன்" என்று சொல்லும்போது அவருக்குச் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை. கேட்க மட்டும் ஒன்று இருக்கிறது: "வரும்போது என்ன கொண்டு வாறீங்க?"

அன்றிலிருந்து பட்டியல் தொடங்குகிறது. மச்சிக்கு அபாயா, மருமகனுக்கு கைத்தொலைபேசி, உம்மாவுக்குக் கம்பளிப் போர்வை, பக்கத்து வீட்டாருக்குப் பேரீச்சம்பழம், சின்னவனுக்கு சைக்கிள். அவரும் மேலதிக வேலை செய்கிறார், கடைகடையாக ஏறி இறங்குகிறார், பெட்டியை நிறுத்துப் பார்க்கிறார். ஆறு மாதமும் அதிலேயே ஓடிவிடுகிறது. வெளிநாட்டு வாழ்வின் மிகப் பெறுமதியான காலம் போர்வைக்கும் பால்மாவுக்கும் செலவாகிப் போகிறது.

திரும்பி வரும் நாள் முன்கூட்டியே தெரிந்திருப்பது ஒரு பெரிய நிஃமத். அது எல்லோருக்கும் வாய்த்ததில்லை. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே வேலை செய்த நம் நாட்டவர் பல்லாயிரம் பேருக்குக் கடைசி மாதமும் இல்லை, கடைசி வாரமும் இல்லை. சம்பளப் பாக்கியையும் சேமித்து வைத்ததையும் விட்டுவிட்டு உடுத்த உடையோடு ஜோர்தான் எல்லை வரை போனவர்கள் உண்டு. 2020இல் கொரோனா வந்தபோது விமான நிலையங்கள் மூடப்பட்டன. வேலையும் இழந்து, வரவும் வழியின்றி மாதக்கணக்கில் அறைகளில் அடைந்து கிடந்தவர்களை நம் குடும்பங்களிலேயே கண்டோம். ஆகவே ஒருவருக்கு அல்லாஹ் ஆறு மாத அவகாசம் கொடுத்திருந்தால், அதை எப்படிக் கழிப்பது என்று அவரும் யோசிக்க வேண்டும், வீட்டிலிருக்கும் நீங்களும் யோசிக்க வேண்டும்.

யோசிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். ஒரு பக்கத்தில், அங்கே இருந்தால்தான் முடியும் காரியங்களை எழுதுங்கள். மறுபக்கத்தில், இங்கே வந்த பிறகும் செய்யக்கூடியவற்றை எழுதுங்கள். போர்வையும் வாசனைத் திரவியமும் திருகோணமலைக் கடைத்தெருவிலும் கிடைக்கும். அவை இரண்டாம் பக்கத்தில் இருக்கட்டும். கடைசி மாதங்கள் முதல் பக்கத்துக்கு உரியவை.

அந்த முதல் பக்கத்தில் முதலில் எழுத வேண்டியது என்ன என்பதை ஹிஜ்ரத்தின் வரலாறு நமக்குக் கற்றுத் தருகிறது. மக்காவைவிட்டு நபி (ஸல்) அவர்கள் புறப்பட்ட அந்த இரவில், அவர்களைக் கொல்லக் குறைஷிகள் வீட்டைச் சூழ்ந்து நின்றார்கள். அதே ஊர் மக்களின் அமானிதப் பொருள்கள் அப்போதும் நபியவர்களிடமே இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுவிட்டே நபியவர்கள் புறப்பட்டார்கள். உயிருக்கு ஆபத்தான வேளையிலும் ஓர் ஊரை விட்டுப் போகுமுன் அந்த ஊரின் கணக்கை முடித்தார்கள். ஆறு மாத அவகாசம் இருக்கும் நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

நமது ஓர்ஸ் ஹில் பகுதியில் குடியிருப்பவர்கள் உள்துறைமுகத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஒரு கப்பல் சரக்கை ஏற்றியதும் நினைத்த நேரத்தில் நங்கூரத்தைத் தூக்கிவிட முடியாது. துறைமுகக் கட்டணம் கட்டி, சுங்கப் பத்திரங்களை முடித்து, புறப்படும் அனுமதி பெற்ற பிறகுதான் அது வாயிலைக் கடக்கும். வளைகுடாவிலிருந்து புறப்படும் மனிதருக்கும் இதே நிலைதான். கடனட்டைப் பாக்கி, வங்கிக் கடன், கட்டாத தொலைபேசிக் கட்டணம், தீராத வழக்கு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் பயணத்தடை விழக்கூடும். விமான நிலையத்தில் கடவுச்சீட்டை நீட்டும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது. இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன்பே விசாரித்தால் தவணையாகவாவது கட்டித் தீர்க்கலாம்.

அறைத்தோழரிடம் வாங்கிய ஐம்பது ரியாலும் கடன்தான், கடைக்காரர் கொப்பியில் எழுதிய பாக்கியும் கடன்தான். ஷஹீதின் பாவங்கள் யாவும் மன்னிக்கப்படும், கடன் தவிர என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. வேறு நாட்டவரான அந்த மனிதரை நாளை எங்கே தேடிப் பிடித்துக் கொடுப்பது? பேசிய கடுஞ்சொல்லுக்கு மன்னிப்புக் கேட்பதும் அப்படித்தான். மலையாளியோ வங்காளியோ எத்தியோப்பியரோ, ஒரே சமையலறையில் பல வருடம் பழகியவரிடம் ஹலால் கேட்டுக்கொள்ள அந்த மாதங்களைத் தவிர வேறு காலம் இல்லை.

இனி, நமக்கு வரவேண்டியது. வேலை முடித்துத் திரும்புகிறவருக்குச் சேவைக்காலக் கொடுப்பனவு என்று ஒன்று உண்டு. நம்மவர் செட்டில்மென்ட் என்று சொல்வது அதைத்தான். அது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் அன்பளிப்பு என்று நினைத்துக் கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சட்டப்படியான கூலி. சவூதித் தொழிற் சட்டத்தின்படி முதல் ஐந்து வருடத்துக்கு வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளமும் கணக்கிட வேண்டும். கடைசியாக வாங்கிய சம்பளமே அடிப்படை. 2,000 ரியால் வாங்கும் ஒருவர் பத்து வருடம் முடித்தால் முதல் ஐந்துக்கு 5,000, அடுத்த ஐந்துக்கு 10,000, ஆக 15,000 ரியால்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தாமாக இராஜினாமா செய்கிறவர் ஐந்து வருடத்துக்கு மேல், பத்து வருடத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்குதான் பெறுவார். பத்து வருடம் பூர்த்தியானால் முழுவதும் பெறுவார். ஒன்பது வருடமும் எட்டு மாதமும் ஆனவர், தங்கையின் கல்யாணத்துக்கு வரவேண்டும் என்று அவசரப்பட்டுக் கடிதம் கொடுத்தால், அவர் கையில் கிடைப்பது ஏறத்தாழ 9,500 ரியால். இன்னும் நான்கு மாதம் பொறுத்தால் 15,000. ஒப்பந்தத் தவணை முடிந்து புதுப்பிக்காமல் வருவதற்கும், இடையில் இராஜினாமா செய்து வருவதற்கும்கூட வேறுபாடு உண்டு. எனவே கடிதம் கொடுக்குமுன் கணக்குப் பார்க்க வேண்டும். "எப்ப வாறீங்க, எப்ப வாறீங்க" என்று அவசரப்படுத்துமுன் வீட்டாரும் இதை ஒரு தடவை கேட்டறிந்துகொள்வது நல்லது.

இந்த இடத்தில் மூஸா (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. அவர்களும் ஒரு காலத்தில் பிறநாட்டில் கூலிக்கு வேலை செய்தவர்கள்தாம். எகிப்தை விட்டு மத்யனுக்குப் போய், அங்கு ஒரு முதியவரிடம் எட்டு வருடம் ஆடு மேய்ப்பதாகவும், விரும்பினால் பத்தாகப் பூர்த்தி செய்வதாகவும் ஒப்புக்கொண்டார்கள். ஸூரத்துல் கஸஸில் இது வருகிறது. இரண்டில் எந்தத் தவணையை நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, நீண்டதையே என்ற கருத்தில் பதிலளித்ததாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். தவணையை முடித்துக் குடும்பத்தோடு திரும்பும் வழியில்தான் தூர் மலையருகே அவர்களுக்கு நுபுவ்வத் கிடைத்தது. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டுப் புறப்பட்டவருக்கு, அவர் எதிர்பார்க்காத பரக்கத்தை அல்லாஹ் வழியிலேயே வைத்திருந்தான்.

வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றிருக்கும் நம் சகோதரிகளின் விஷயம் தனி. பல நாடுகளில் பொதுத் தொழிற் சட்டத்துக்குள் அவர்கள் வருவதில்லை. அவர்களுக்கென்று வேறு சட்டங்கள் உண்டு. குவைத்தில் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம், வேலை செய்த வருடமொன்றுக்கு ஒரு மாதச் சம்பளம் என்கிறது. கட்டாரில் 2017ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது மூன்று வாரச் சம்பளம். சவூதியில் 2013இல் வந்த ஒழுங்குவிதி, ஒரே வீட்டில் தொடர்ந்து நான்கு வருடம் வேலை செய்தவருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கச் சொன்னது. தொகை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் வியர்வை சிந்திய உரிமையில் சிறியது பெரியது இல்லை.

இந்தச் சகோதரிகள் பெரும்பாலும் பயணச்சீட்டைக் கையில் கொடுக்கும் நாளில்தான் சம்பளப் பாக்கியைப் பற்றி வாய் திறக்கிறார்கள். அன்றைக்கு வீட்டு எஜமானி, "ஊருக்குப் போ, அனுப்பி வைக்கிறேன்" என்று சொன்னால் நம்பி வருவதைத் தவிர வழியில்லை. மூன்று மாதத்துக்கு முன்பே மெதுவாக, மரியாதையாகக் கேட்கத் தொடங்க வேண்டும். எந்தெந்த மாதச் சம்பளம் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று எழுதி வைக்க வேண்டும். கேட்டும் பலனில்லை என்றால் நம் தூதரகங்களின் தொழிலாளர் நலப் பிரிவு இருக்கிறது. இங்கிருந்து நீங்கள், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு செய்யலாம். அவர் அந்த நாட்டில் இருக்கும்போது செய்யும் முறைப்பாட்டுக்கு இருக்கும் வலு, வந்த பிறகு செய்வதற்கு இருக்காது. சம்பளம் தரவில்லை என்று கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடுவது மட்டும் வேண்டாம். தப்பியோடியவர் என்று கஃபீல் பதிந்துவிட்டால், உரிமை கேட்க வேண்டியவரே குற்றவாளியாக நிற்க நேரிடும்.

பணத்தோடு ஒரு தாளையும் வாங்கி வரச் சொல்லுங்கள். சேவைச் சான்றிதழைத்தான் சொல்கிறேன். என்ன வேலை, எத்தனை வருடம் என்று எழுதி முத்திரையிட்ட கடிதம். தொழிலாளி கேட்டால் அதைக் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும் என்பது சவூதிச் சட்டத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் குளிரூட்டி திருத்தியவர், மேசன் வேலை செய்தவர், பெரிய சமையற்கூடத்தில் நின்றவர் எல்லோரும் ஊரில் வந்து, படிக்காதவன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் நாட்டில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை வகுப்புக்குப் போகாமலே, ஏற்கெனவே பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டு வழங்கும் முறை இருக்கிறது. அதற்கு இந்தக் கடிதங்கள் உதவும். அந்தச் சான்றிதழ் இருந்தால் உள்ளூரிலும் கூலி பேச ஒரு பிடி கிடைக்கும்.

சவூதியில் இருப்பவருக்கு முதல் பக்கத்தில் இன்னொரு வரி உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின்படி ஹஜ்ஜைப் போலவே உம்ராவும் வாழ்நாளில் ஒரு தடவை கடமை. ரியாதிலிருந்து பஸ்ஸில் ஓர் இரவுப் பயணம், ஜித்தாவிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய தூரம். இங்கிருந்து போவதென்றால் எத்தனை இலட்சம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே எட்டு வருடம் இருந்தும், "அடுத்த றமழானுக்குப் பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லிக் கஃபாவைக் காணாமல் திரும்பியவர்கள் பிறகு படும் மனவருத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இரண்டு சூட்கேஸ் பொருளைக் குறைத்தாலும் இது நிறைவேறும். "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உம்ராவை முடித்துவிட்டு வாங்க" என்று மனைவி சொல்லும் வார்த்தையில் அவளுக்கும் நன்மை இருக்கிறது.

இதுவரை சொன்னது அங்கே இருப்பவர் செய்ய வேண்டியது. இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

மாதாமாதம் வந்த பணத்தில் வீடு நடத்தியவர்கள் நீங்கள். எல்லா மாதமும் பணம் போதியதில்லை. மகளின் காதணியை அடகு வைத்திருப்பீர்கள். சீட்டுப் பிடித்தவர் ஏமாற்றியிருப்பார். நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அவர் கவலைப்படுவாரே என்று தொலைபேசியில் மறைத்திருப்பீர்கள். அந்த மறைவு எதற்காக என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனால் அவர் வந்திறங்கிய பிறகு சொல்வோம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களைச் சொல்கிறேன். ஒரு வீட்டில், கணவர் வந்து பதினைந்தாம் நாள் கடன்காரர் வாசலுக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியானது. கொண்டுவந்த செட்டில்மென்ட் பணம் வட்டிக்கும் முதலுக்கும் போனது. கடை போடுவதற்கு என்று வைத்திருந்த திட்டம் கலைந்தது. இரண்டு மாதத்துக்குள் அவர் புது விசாவுக்கு முகவரிடம் போய் நின்றார். முதல் தடவை போனபோது வயது இருபத்தேழு, இந்தத் தடவை நாற்பது.

மற்றது ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் குடும்பம். அந்தச் சகோதரி, கணவர் வர ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை தஹஜ்ஜுத் தொழுதுவிட்டுத் தொலைபேசி எடுத்து, "மச்சான், உங்களுக்கிட்ட ஒரு கணக்குச் சொல்லணும், கோவிக்காமக் கேளுங்க" என்று தொடங்கி, அடகுச் சீட்டு முதல் கடைப் பாக்கி வரை எல்லாவற்றையும் வாசித்தார். அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே அழைத்து, "சாமான் ஒன்றும் வாங்கல்ல. இந்த அஞ்சு மாதமும் கடனுக்குத்தான்" என்றார். சொன்னபடியே செய்தார். வந்த அன்று அவர் பெட்டியில் பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் பிள்ளைகளுக்கு இரண்டு உடுப்பும்தான் இருந்தன. ஊரார் ஒரு வாரம் கதைத்தார்கள். இன்று அவர் ஊரிலேயே தொழில் செய்கிறார்.

இரண்டு வீட்டிலும் கடன் ஒன்றுதான். உண்மை சொல்லப்பட்ட மாதம்தான் வேறு. உழைக்கும் கை அங்கே இருக்கும்போது சொன்னால் அந்தக் கை அதைத் தீர்க்கும். கை ஓய்ந்து வந்த பிறகு சொன்னால் மறுபடி அனுப்பத்தான் வேண்டியிருக்கும். கணவன்மாருக்கும் இதையே சொல்கிறேன். அங்கே நீங்கள் பட்ட கடனையும் கட்டாத பாக்கியையும் மனைவியிடம் மறைத்து வராதீர்கள். உண்மை கேட்டுக் கோபம் வந்தால் கோபியுங்கள், ஆனால் அடுத்த தடவை உங்களிடம் உண்மை சொல்லப் பயப்படும்படி அவளை ஆக்கிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் திறந்து பேச வேண்டும். நம் கிழக்கு மாகாணத்தில் குமருக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம், வருகிற மனிதரை வரவிடாமல் செய்கிறது. மூத்தவளுக்கு வீடு முடிந்தது, இளையவளுக்கு அத்திவாரம் போட்டிருக்கிறது, இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள் என்கிறோம். மார்க்கம் மஹரைக் கொடுக்கச் சொன்னது மாப்பிள்ளையை. வீடு கட்டச் சொல்லி வாப்பாவை நாடு கடத்தச் சொல்லவில்லை. பயணம் என்பது உண்ணலையும் உறக்கத்தையும் தடுக்கும் ஒரு வேதனை, போன காரியம் முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்ப வேண்டும் என்ற கருத்தில் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கிறது. போன காரியம் எது என்று ஒரு நாள் உட்கார்ந்து இருவரும் முடிவு செய்யுங்கள். அதற்கு ஓர் எல்லை வையுங்கள். எல்லை இல்லாத காரியம் முடிவதில்லை.

பிள்ளைகளையும் இந்த மாதங்களில் தயார் செய்யுங்கள். இரண்டு வயதில் விட்டுப்போன தாய் ஏழு வயதில் வந்து அணைக்கும்போது, பிள்ளை உம்மும்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டால் அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும்! உம்மும்மாவே இப்போதிருந்து தினமும் தொலைபேசியைப் பிள்ளையிடம் கொடுக்கட்டும். "உன்ட உம்மாவுக்கு இது பிடிக்கும், உம்மா வந்ததும் இதைக் காட்டு" என்று சொல்லிக்கொடுக்கட்டும். வந்த உடனே பிள்ளையைப் பாட்டியிடமிருந்து பிரித்தெடுக்காமல் சில மாதம் விட்டுப்பிடிக்க வேண்டும் என்று தாய்க்கும் சொல்லுங்கள். நீண்ட பயணத்திலிருந்து திரும்புகிறவர் அறிவிக்காமல் இரவில் திடீரென்று வீட்டுக்கு வருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வருகிறவரும் எதிர்பார்ப்பவரும் ஒருவருக்கொருவர் தயாராக வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இதை எழுதும்போது துறைமுகத்துக்கு அக்கரையில் இருக்கும் மூதூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கிருந்து 2005இல், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போன ரிசானா நபீக், 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டு அந்த மண்ணிலேயே அடங்கினார். அவருடைய உம்மா மகளிடம் எந்தப் பெட்டியையும் எதிர்பார்த்துக் காத்திருந்திருக்க மாட்டார். மகள் ஒருத்தி வாசலில் வந்து நின்றால் போதும் என்றே இருந்திருப்பார். நம் மாவட்டத்தில் ஒரு வீட்டுக்கு அப்படி நடந்த பிறகு, பத்திரமாகத் திரும்பி வருகிறவரின் பெட்டியை நிறுத்துப் பார்க்க நமக்கு மனம் வரலாமா?

ஆகவே சகோதரிகளே, அடுத்த அழைப்பில் அவர் "என்ன கொண்டு வர?" என்று கேட்டால், நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "அங்க முடிக்க வேண்டியது எல்லாம் முடிஞ்சுதா?" அவர் வந்திறங்கும் நாளில், நபிவழிப்படி முதலில் பள்ளிக்குப் போய் இரண்டு றக்அத் தொழுதுவிட்டு வீட்டுக்கு வரட்டும். யாருடைய ஹக்கும் கழுத்தில் இல்லாமல், தமது ஹக்கையும் விட்டுக்கொடுக்காமல், வீட்டாரிடம் மறைக்க எதுவும் இல்லாமல் வருகிறவர், வெறும் கையோடு வந்தாலும் நிறைந்த வீட்டுக்குள்தான் நுழைகிறார்.

தூரத்தில் இருக்கும் நம் அனைவரையும் அல்லாஹ் ஸலாமத்தாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக! ஆமீன்.